காரும் கைப்பேசியும் கூடாமை: ஒரு திணையியல் ஆய்வு

ஆய்வின் தேவை

கார் வாங்கப் போகிறவர் மைலேஜ் எவ்வளவு என்று கேட்கிறார். டிக்கியைத் திறந்து, ஊருக்குப் போகும்போது அரிசி மூட்டை கொள்ளுமா என்று கண்ணாலேயே அளக்கிறார். டயரைக் காலால் ஒரு உதை உதைக்கிறார். அதிலிருந்து என்ன தெரிந்துகொள்கிறார் என்பது தனி ஆய்வுக்குரியது. டேஷ்போர்டில் பளபளக்கும் திரையை விற்பனைப் பையன் தொட்டுக் காட்டி, "உங்க போனை அப்படியே இதுல பார்க்கலாம் சார்" என்று சொல்லும்போது மட்டும் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அவருடைய இல்லறத்தில் இனி நடக்கப்போகும் பூசல்களில் கணிசமானவை அந்தத் திரையிலிருந்துதான் புறப்படப் போகின்றன என்பது அந்த நேரத்தில் அவருக்குத் தெரிவதில்லை.

மேற்படிப் பொருளுக்கு உற்பத்தியாளர்கள் வைத்த பெயர் இன்ஃபோடெயின்மென்ட் சிஸ்டம். வீடுகளில் ஸ்டீரியோ என்பார்கள், டச் ஸ்கிரீன் என்பார்கள், ஓர் அளவுக்கு மேல் போனால் "இந்தச் சனியன்" என்பார்கள். நடுநிலை கருதி இக்கட்டுரை அதைத் திரை என்றே குறிக்கும்.

திரையும் கைப்பேசியும் சில நாள் கூடுகின்றன, சில நாள் கூடுவதில்லை. ஏன் என்பதற்கு இதுவரை வழங்கிவரும் விளக்கங்களை மூன்று பள்ளிகளுக்குள் அடக்கலாம். முதலாவது "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு" பள்ளி. ஆள்பலத்தில் இதுவே பெரியது. கோட்பாடு என்று எதுவும் கிடையாது. இருந்தும் பல நேரம் பலித்துவிடுவதால் மற்றப் பள்ளியினருக்கு இதன்மேல் தீராத எரிச்சல். இரண்டாவது மைத்துனர் பள்ளி. "அந்தக் கம்பெனி போனை வாங்காதீங்கன்னு நான் அப்பவே சொன்னேன் மச்சான்" என்பது இதன் மூல வாக்கியம். எந்தக் கோளாறிலிருந்து புறப்பட்டாலும் வாதம் இங்கேதான் வந்து சேரும். மூன்றாவது "சர்வீஸ்ல விட்டுப் பார்ப்போம்" பள்ளி. சர்வீஸ் சென்டரில் அவர்களுடைய போனை வைத்துச் சோதிப்பார்கள். உடனே கனெக்ட் ஆகும். "எங்க போன்ல நல்லா வருது சார்" என்று சொல்லி, காரைக் கழுவித் திருப்பிக் கொடுப்பார்கள்.

பழுது காரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போனில் இருக்க வேண்டும் என்பதில் மூன்று பள்ளிகளுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. இக்கட்டுரை அதை மறுக்கிறது. பெரும்பாலான பழுது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இருவருக்கு நடுவில் நடப்பதை வகுத்து, பெயரிட்டு, இன்ன நேரத்தில் இன்னது நிகழும் என்று சொல்லும் சாத்திரம் தொல்காப்பியர் காலந்தொட்டுத் தமிழில் இருக்கிறது. அகத்திணை என்று பெயர். அதை இதுவரை யாரும் காரில் ஏற்றிப் பார்க்காததே வியப்பு.

அகப்பாட்டில் தலைவன் தலைவியின் இயற்பெயரைச் சொல்லக்கூடாது என்பது மரபு. அம்மரபை ஒட்டி இங்கே எந்தக் கார் நிறுவனத்தின் பெயரும், எந்தக் கைப்பேசி நிறுவனத்தின் பெயரும் பழிக்கு இலக்காகாது. தகவல் தந்த உறவினர்களும் இதையே வற்புறுத்திக் கேட்டுக்கொண்டார்கள்.

முதலும் கருவும்

நிலமும் பொழுதும் முதற்பொருள். இத்திணைக்குரிய நிலம் வீட்டு வாசல். நகரமானால் அடுக்குமாடியின் கீழ்த்தளம். கீழ்த்தளத்தில் சிக்னல் கிடைக்காது. வரைபடம் வராது, பாட்டு வராது. இதைப் பார்த்து "கனெக்ட் ஆகல" என்று முடிவுகட்டுபவர்கள் உண்டு. கனெக்‌ஷன் நன்றாகவே இருக்கும், இணையம்தான் இருக்காது. இரண்டும் வேறு வேறு. மேலே வந்து தெருவில் நின்று பார்த்த பிறகே புலம்பத் தொடங்க வேண்டும்.

சிறுபொழுது, ராகுகாலம் பிறக்கச் சற்று முந்திய நேரம். எல்லாரும் ஏறி உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தின் மேல் டயர் ஏறி, "எடுப்பா வண்டியை" என்று பின் சீட்டிலிருந்து குரல் வந்த பிறகுதான் ஓட்டுபவர் போனை எடுத்துத் திரையோடு சேர்க்க முற்படுவார். பெரும்பொழுது, கத்திரி வெயில். வயர்லெஸ் சார்ஜர் மேல் வைத்த போன், சார்ஜும் ஏற்றிக்கொண்டு வரைபடமும் அனுப்பிக்கொண்டு, கண்ணாடி வழியாக வெயிலும் வாங்கினால் சூடேறும். சூடு ஓர் எல்லையைத் தாண்டினால் தன் வேலைகளை அதுவே குறைத்துக்கொள்ளும். அது கோளாறு இல்லை, தற்காப்பு. ஏசிக் காற்றுப்படும் இடத்தில் வைத்தால் தெளிந்துவிடும்.

கருப்பொருள்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். தெய்வம், டேஷ்போர்டுப் பிள்ளையார். உணவு, முறுக்கு, அதன் எண்ணெய் திரையில் விரலடையாளமாக எஞ்சும். பறை, சீட் பெல்ட் போடாததற்கு அடிக்கும் மணி. தொழில், கேபிளைப் பிடுங்கிச் செருகுதல்.

ஊடல் இல்லாத காலம்

அமெரிக்காவில் கால்வின் சகோதரர்கள் மோட்டரோலா என்ற பெயரில் காருக்கான வானொலியை 1930-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஃபிலிப்ஸ் 1963-இல் கேசட்டைக் கொடுத்தது. பிறகு சிடி. பிறகு நம் நெடுஞ்சாலை ஓர டீக்கடைகளில் தொங்கும் பென்டிரைவ்: எண்பதுகளின் இளையராஜா ஒரு பக்கம், அம்மன் பாட்டு ஒரு பக்கம், எல்லாம் ஒரே குச்சியில். கேசட் சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றினோம். பென்டிரைவைச் செருகினால் பாடியது, பிடுங்கினால் நின்றது. யாரும் யாரையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய தேவையே இல்லாததால், அந்தக் காலத்தில் ஊடலும் இல்லை. உறவுச் சிக்கல் தொடங்கியது புளூடூத் வந்த பிறகு. முற்றியது 2014-க்குப் பிறகு. போனைக் காரின் திரையில் காட்டும் கார்பிளே, ஆண்ட்ராய்டு ஆட்டோ இரண்டும் அந்த ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டன.

குறிஞ்சி: எப்படிக் கூடுகின்றன

கூடாமையை அறியக் கூடலை அறிய வேண்டும். புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைப் பட்டையில் பேசுகிறது. வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு என்று பலரும் நெருக்கியடித்துக் கொண்டிருக்கும் சந்து அது. கூட்டத்தில் முட்டிக்கொள்ளாமல் இருக்க, பட்டையை 79 தடங்களாகப் பிரித்து, நொடிக்கு 1,600 முறை தடம் மாறித் தாவித் தாவிப் பேசுவது புளூடூத்தின் வழக்கம். இரு தரப்பும் ஒரே ஒழுங்கில் தாவ வேண்டும். இல்லாவிட்டால் பேச்சு அறுந்துவிடும். தடம் தாவும் இந்த யோசனையின் ஒரு பழைய வடிவத்துக்கு 1942-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர்கள் இருவர். ஒருவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார், மற்றவர் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தெய்ல். நீர்மூழ்கிக் குண்டைப் பகைவர் குழப்பாமல் செலுத்துவதற்காக, தானாக வாசிக்கும் பியானோவின் சுருளைப் பார்த்து வகுத்த திட்டம் அது; 88 அலைவரிசைகள், பியானோவின் கட்டைகள் அத்தனை. ஒரு நடிகையும் ஒரு இசையமைப்பாளரும் போருக்காக யோசித்தது, இன்று காருக்குள் சினிமாப் பாட்டாகவும் குடும்பச் சண்டையாகவும் விளைந்திருக்கிறது.

முதல் சந்திப்பில் இரண்டு திரைகளிலும் ஆறு இலக்க எண் ஒன்று தோன்றும். ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துச் சம்மதம் சொல்ல வேண்டும். 2007-இல் வந்த புளூடூத் 2.1-க்கு முன்னால் இது 0000 அல்லது 1234 என்று தட்டுவதோடு முடிந்துபோனது. பத்துப் பொருத்தம் பார்க்கும் ஊரில் இந்த ஆறு இலக்கப் பொருத்தத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. எண் என்னவென்றே படிக்காமல் ஓகே அழுத்துகிறோம். அழுத்தியதும் இருவருக்கும் பொதுவான ரகசியச் சாவி ஒன்று உருவாகிறது. ஒரு படி போனில், ஒரு படி காரில். அடுத்த முறை பார்த்துக்கொள்ளும்போது, இருவரிடமும் ஒரே சாவி இருக்கிறதா என்பதே கேள்வி. களவு கற்பாவது இந்தச் சாவியால்தான்.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. புளூடூத்தில் கூடல் என்பது ஒரே ஒப்பந்தம் அன்று. போன் பேச்சுக்கு ஓர் ஒப்பந்தம், பாட்டுக்கு வேறு, பாட்டை மாற்றும் பொத்தானுக்கு வேறு, தொலைபேசிப் பட்டியலைக் காருக்குக் காட்டுவதற்கு வேறு. "கால் வருது, பாட்டு வரல" என்ற நெடுங்காலப் புதிருக்கு விடை இதில் கிடைக்கிறது. போனில் புளூடூத் பகுதிக்குப் போய், காரின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் பல்சக்கரத்தைத் தொட்டால் இந்த ஒப்பந்தங்கள் தனித்தனியாகக் கிடக்கும். மீடியா ஆடியோ என்பதற்கு எதிரே இருக்கும் குமிழ் அணைந்திருந்தால், காரும் போனும் பேசிக்கொள்ளும், பாடிக்கொள்ளாது. பிள்ளைகள் ஹெட்போன் மாற்றும் அவசரத்தில் எதையாவது அணைத்து வைப்பார்கள். யார் என்று விசாரிப்பது வீண்.

பாலை: ஒருவர் மறத்தல்

போனை மாற்றினாலோ, போன் மென்பொருள் பெரிதாக அப்டேட் ஆனாலோ, கார் பேட்டரியைக் கழற்றி மாட்டினாலோ சாவிகளில் ஒன்று தொலையலாம், அல்லது பழசாகிவிடலாம். ஒருவர் பழைய உறவை நினைத்துக்கொண்டு நிற்கிறார். மற்றவர் "யார் நீ" என்கிறார். நேற்றுவரை தானாகச் சேர்ந்த இரண்டும் இன்று பெயரைக் காட்டிவிட்டு விலகும். பிரிவைப் பாடும் பாலை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அச்சில் இருக்கும் உரைகளில்கூடக் கிடைக்காது.

பொதுமக்கள் இங்கே செய்யும் சிகிச்சை, போனிலிருந்து காரின் பெயரை அழித்துவிட்டு மறுபடி தேடுவது. இது பாதி மருந்து. போன் மறந்துவிட்டது, கார் மறக்கவில்லை. அதன் பட்டியலில் பழைய பெயர், பழைய சாவியோடு உட்கார்ந்திருக்கிறது. புதிதாக வருபவரைப் பழைய கணக்கை வைத்தே அது எடைபோடுகிறது. இரு பக்கமும் அழிக்க வேண்டும்: போனில் ஃபர்கெட், காரின் திரையில் டெலீட். பிறகு இரண்டையும் ஒருமுறை அணைத்து எழுப்பி, முன்பின் அறியாதவர்களாக மறுபடி அறிமுகம் செய்ய வேண்டும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணும் பள்ளிக்கு இங்கேயும் ஒரு கௌரவ இடம் உண்டு. காரின் எஞ்சினை அணைத்தால் திரையும் உறங்கிவிடும் என்று நம்ப வேண்டாம். பல கார்களில் அது அரைத் தூக்கத்தில்தான் இருக்கும். பவர் பொத்தானைச் சில நொடி விடாமல் அழுத்திப் பிடித்தால்தான் உண்மையாக விழுந்து எழும். சில கார்களில் இதற்கென்று ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை வைத்திருக்கிறார்கள். காரோடு வந்த கையேட்டில் இது எழுதியிருக்கும். கையேடு கிளவ் பாக்ஸில், பொல்யூஷன் சர்டிபிகேட்டுக்குக் கீழே, பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் இருக்கும்.

காரின் நினைவிலும் இடம் கொஞ்சம்தான். மாமா போன், சித்தி போன், ஒருநாள் வந்த ஆக்டிங் டிரைவர் போன் என்று எல்லாரையும் சேர்த்துவிட்டால், புதியவரைச் சேர்க்க மறுக்கும். அப்போது திரை தரும் செய்தி தெளிவாகவும் இருக்காது. பட்டியலைத் திறந்து, டிரைவரை வழியனுப்பினால் வேலை முடிந்தது.

கைக்கிளை: ஒருதலை அன்பு

இந்த ஆய்வின் மையப் பகுதி இது. கேபிள் வழியாக இணைப்பவர்களின் துயரங்களில் பெரும்பகுதி இங்கே அடங்கும் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும்.

போனைக் கேபிளில் செருகுகிறோம். போனில் மின்னல் குறி வருகிறது, சார்ஜ் ஏறுகிறது. திரையோ எதுவும் நடக்காத முகத்தோடு வானொலி பாடிக்கொண்டிருக்கிறது. கார் கொடுக்கிறது, போன் வாங்கிக்கொள்கிறது, பதிலுக்கு ஒரு வார்த்தை இல்லை. இலக்கணம் இதைக் கைக்கிளை என்கிறது. கேபிளை அறுத்துப் பார்த்தால் காரணம் தெரியும். சாதாரண யுஎஸ்பி டேட்டா கேபிளுக்குள் நான்கு மெல்லிய வயர்கள் ஓடும். வழக்கமாகச் சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. சார்ஜ் ஏற்றுவதற்கென்றே செய்த கேபிளில் பச்சையும் வெள்ளையும் இருக்காது, செலவு மிச்சம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சிக்னலில் கார் நிற்கும்போது கண்ணாடியைத் தட்டி விற்கப்படும் கேபிள்கள், பவர் பேங்கோடு இனாமாக வந்த ஒரு சாண் நீளக் குட்டிக் கேபிள்கள் முதலியவை இந்த இனத்தில் அடிக்கடி காணப்படும். சோதனை எளிது. அதே கேபிளால் போனைக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். போட்டோக்களைக் கம்ப்யூட்டர் காட்டினால் அது டேட்டா கேபிள். சார்ஜ் மட்டும் ஏறினால் அதைப் படுக்கையறைக்கு மாற்றிவிடலாம்.

கேபிள் நல்லதாக இருந்தும் கைக்கிளை தொடர்ந்தால், செருகும் இடத்தைப் பார்க்க வேண்டும். காரில் இரண்டு மூன்று துளைகள் இருக்கும். பல கார்களில் அவற்றில் ஒன்றுதான் திரையோடு பேசும். மற்றவை, பின் சீட்டுக் குழந்தைகளுக்கு விட்டவை உட்பட, மின்சாரம் மட்டும் தரும். பேசும் துளைக்குப் பக்கத்தில் பெரும்பாலும் போன் படமோ, யுஎஸ்பியின் திரிசூலக் குறியோ இருக்கும். மின்னல் குறி மட்டும் இருந்தால் அங்கே பேச்சுக்கு வழியில்லை.

மூன்றாவது சந்தேகம் போனின் சொந்தத் துளை. டார்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்கள். அடியில், சாம்பல் நிறத்தில், கெட்டியாக அமுங்கிய ஒரு படலம் தெரியும். சட்டைப் பையின் நூல் தும்பு, பஸ் டிக்கெட்டின் உதிர்ந்த ஓரம், கோயிலில் கொடுத்த விபூதிப் பொட்டலம் அவிழ்ந்து கொட்டியது, முகப் பவுடர், எல்லாம் ஒவ்வொரு முறை கேபிள் செருகும்போதும் உள்ளே இடிக்கப்பட்டு அடையாக இறுகியிருக்கும். அதனால் கேபிள் முழுதாக இறங்காது. "டிக்" என்று உட்கார வேண்டியது, மயிரிழை வெளியே நின்றுவிடும். கையில் பிடித்திருக்கும்வரை வேலை செய்யும். ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கியதும் அறும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குச்சியால் ஓரமாக நெம்பி வெளியே இழுக்க வேண்டும். குண்டூசி, சேஃப்டி பின், சிம் எடுக்கும் கம்பி ஆகாது. உள்ளே இருக்கும் முனைகளை வளைத்துவிடும். வாயால் ஊதுவதும் ஆகாது, எச்சில் ஈரம் உள்ளே போகும். வெளியே வருவதை அளவு பார்த்தால் பலருக்கும் நம்பிக்கை வராது. இத்தனை விபூதியைச் சுமந்துகொண்டு இந்த போன் இத்தனை நாள் உழைத்ததே அருள்தான்.

முல்லை: சுழலும் வட்டம்

வயர் இல்லாமல் ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்பிளேயோ இணைப்பவர்களுக்கு வாய்ப்பது முல்லை. திரையில் வட்டம் சுழல்கிறது. கற்போடு காத்திருத்தல் இத்திணையின் உரிப்பொருள். காருக்குள் இருப்பவர்களில் அது யாருக்கும் கிடையாது.

இங்கே நடப்பது இரண்டு கட்டமான உறவு. புளூடூத் அறிமுகம் மட்டும் செய்து வைக்கிறது. குடித்தனம் நடப்பது வைஃபையில். ஆகவே, பேட்டரி மிச்சம் பிடிக்கிறேன் என்று போனில் வைஃபையை அணைத்து வைத்திருப்பவர்கள் வட்டத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது நிற்காது. பேட்டரி சேவரும் இதே தீங்கைச் செய்யும். பின்னணியில் ஓட வேண்டியதை அது ஓடவிடாது. விபிஎன் போட்டுக்கொண்டு படம் பார்க்கிற மகன் தன் போனை இணைத்தால், அந்த விபிஎன் இடையில் புகுந்து தடுக்கலாம்.

வட்டத்தைச் சுழலவிடும் காரணங்களில் யாரும் எதிர்பார்க்காதது கடிகாரம். கார் உண்மையான காரா, போன் உண்மையான போனா என்று இரண்டும் சான்றிதழ் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளும். சான்றிதழ்களுக்குத் தொடக்க நாள், காலாவதி நாள் உண்டு. பேட்டரி மாற்றிய பிறகு காரின் தேதி சில வருடங்கள் பின்னோக்கிப் போயிருந்தால், அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று முடிவாகி, உறவு மறுக்கப்படலாம். நல்ல நேரம் பார்ப்பவர்கள் மூடநம்பிக்கைக்காரர்கள் என்று கேலி செய்பவர்கள் இதைக் கவனிக்க. தேதியைத் திருத்துங்கள்.

மருதம்: இரண்டாவது போன்

ஊடலுக்குரிய மருதத்தில் மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும். பழைய பாட்டுகளில் பரத்தை. இங்கே, வீட்டிலிருக்கும் இன்னொரு போன்.

கார் ஸ்டார்ட் ஆனதும் திரை தனக்குத் தெரிந்த போன்களைத் தேடுகிறது. யாரை முதலில் தேடும் என்பது காருக்குக் கார் மாறும். கடைசியாகச் சேர்ந்தவரையோ, முதன்மை என்று குறித்து வைத்தவரையோ முதலில் கூப்பிடுவது வழக்கம். இந்தப் போன்களில் இருக்கும் புளூடூத்துக்குச் சுமார் 10 மீட்டர் எட்டும். வாசலில் நிற்கும் கார் கூடத்தில் இருக்கும் போனைப் பிடிக்க இது தாராளம். மனைவியின் போனுக்கு வழிகாட்ட வேண்டிய திரை, வீட்டுக்குள் கட்டிலில் கிடக்கும் கணவரின் போனோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. காரில் உட்கார்ந்திருப்பவர் போனைக் குலுக்குகிறார், தட்டுகிறார், திட்டுகிறார். அது பாவம், என்ன செய்யும்?

கள ஆய்வில் பதிவான ஒரு நிகழ்வை மட்டும் தருகிறேன். நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்பும் குடும்பம். மனைவி, மாமியார், மாமியாரின் தங்கை மூவரும் காரில் ஏறியாகிவிட்டது. ஏசி போடலாம் என்று மனைவி வண்டியை ஸ்டார்ட் செய்கிறார். கணவர் வீட்டுக்குள், கண்ணாடி முன் நின்று வேட்டியைச் சரிசெய்துகொண்டே தம்பியிடம் போனில் பேசிக்கொண்டிருக்கிறார். அந்த நொடியில் கார் அவருடைய போனைக் கண்டுபிடித்தது. கணவரின் காதில் நிசப்தம். "ஹலோ, ஹலோ, டேய், கேக்குதா? லைன்ல இருக்கியா?" என்று அவர் அறை அறையாக நடக்கிறார். கேட்டுக்கொண்டுதான் இருந்தது, வாசலில், நான்கு ஸ்பீக்கரில்: "அண்ணே, அந்த அஞ்சு லட்சம் விஷயம் அண்ணிக்குத் தெரிய வேண்டாம். அம்மாகிட்டயும் சொல்லிடாதீங்க." சாட்சிகள் மூவரும் அன்று முழுவதும் கணவரிடம் வாயே திறக்கவில்லை. சடங்குகள் குறித்த நேரத்தில் நடந்தன. இதைப் புளூடூத் கோளாறு என்று எழுத முடியாது. புளூடூத் தன் கடமையைச் சரியாகச் செய்தது.

மருதத்துக்குத் தீர்வு மூன்று. திரையின் செட்டிங்ஸில் யாருடைய போனுக்கு முதலுரிமை என்று குறித்து வைக்கலாம். வீட்டில் அதைப் பேசித் தீர்மானிப்பதுதான் கடினம். ஓட்டாதவர்களின் போனில் காரின் பெயருக்கு எதிரே இருக்கும் தானியங்கி இணைப்பை அணைக்கலாம், அந்த வசதி இருக்கும் போனாக இருந்தால். ஐந்து லட்சம் மாதிரியான விஷயங்கள் இருப்பவர்கள், வாசலில் எஞ்சின் சத்தம் கேட்டால் பேச்சைக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு மாற்றிவிடலாம்.

நெய்தலும் பெருந்திணையும்

நெய்தலுக்குரியது இரங்கல். கூடிய பிறகும் அது உண்டு. தமிழில் பதிந்து வைத்த பெயர்கள் பல கார்களின் திரையில் வெறும் கட்டங்களாக வரும். எழுத்துரு போடாமல் விட்டதால் வந்த வினை. பக்கத்துப் பக்கத்தில் மூன்று கட்டம் வந்தால் "அம்மா" என்று ஊகிக்க வேண்டும், "ஐயர்" என்றும் ஊகிக்கலாம். சென்னையைச் சுற்றி இத்தனை கார் தொழிற்சாலைகளை வைத்துக்கொண்டு இந்த நிலை ஏன் என்று கேட்பது ஆய்வாளனின் வேலை அன்று, ஆனாலும் கேட்கிறேன்.

இன்னோர் இரங்கல், சில போன்கள் காரில் சேர்ந்ததும் தம் பட்டியலில் அகரவரிசைப்படி முதலில் இருக்கும் பாட்டைத் தாமாகப் பாடத் தொடங்குவது. ஒவ்வொரு நாளும் அதே பாட்டு. இதற்கு அமெரிக்காவில் சமீர் மெஸ்ராஹி என்பவர் 2017-இல் ஒரு மருந்து கண்டார். வரிசையில் முதலில் வரும்படி "ஏ ஏ ஏ ஏ ஏ வெரி குட் சாங்" என்று பெயரிட்டு, கிட்டத்தட்ட பத்து நிமிட நிசப்தத்தைப் பாட்டாகப் பதிந்து விற்பனைக்கு விட்டார். ஜனங்கள் காசு கொடுத்து வாங்கினார்கள், ஐடியூன்ஸ் தரவரிசையிலும் அது ஏறியது. காருக்குள் அமைதிக்கு என்ன விலை என்பதற்கு இதைவிட நம்பகமான தரவு கிடைத்ததில்லை.

பெருந்திணை பொருந்தா உறவு. பழைய காரும் புதுப் போனும். திரையில் புளூடூத் மட்டும் இருக்கும் காரிடம் வரைபடத்தைக் காட்டு என்று கெஞ்சிப் பயனில்லை. அதற்குக் கண் கிடையாது. கேபிள் வழி ஆண்ட்ராய்டு ஆட்டோ இருக்கும் காரை வயர்லெஸ்ஸாக்கும் சிறு பெட்டிகள் விற்கிறார்கள், சில நன்றாகவே வேலை செய்கின்றன. ஐபோன் 2023-இல் டைப் சி துளைக்கு மாறியது. வீட்டிலிருந்த பழைய கேபிள்களெல்லாம் ஒரே நாளில் விதவையாயின. இதற்குமேல் இத்திணையில் சொல்ல ஒன்றுமில்லை.

வாயில்களும் விலக்கும்

ஊடல் தீர்க்கத் தூது போகிறவர்களை வாயில்கள் என்று பட்டியலிடுவது மரபு. தோழி, பாணன், பாங்கன் என்று நீளும் அந்த வரிசை இன்று அக்காள் மகனில் வந்து முடிகிறது. அவனுக்கு வயது பதினான்குக்கு மேல் இருக்காது. "குடுங்க மாமா" என்று வாங்கி, எங்கே தொட்டான் எதைத் தள்ளினான் என்று தெரிவதற்குள் பாட்டு ஒலிக்கும். எப்படி என்று கேட்டால் "சும்மாதான் மாமா" என்பான். அறிவைப் பிறர்க்குக் கடத்த மறுக்கும் இந்த மரபினால்தான் இத்துறையில் நூல்களே தோன்றவில்லை என்பது என் துணிபு.

எந்த வாயிலாக இருந்தாலும் ஒரு விலக்கு உண்டு. இந்தக் காரியம் எதையும் வண்டி ஓடும்போது செய்யக்கூடாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவு, ஓட்டும்போது கையில் கருவியைப் பிடித்துப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலோடு சேர்த்தே எண்ணுகிறது. திரையைக் காரில் வைத்ததே கையில் போனை எடுக்காமல் இருப்பதற்காக. அது வேலை செய்யவில்லையே என்று பார்ப்பதற்காகக் கையில் போனை எடுத்து, புறவழிச்சாலையில் எண்பதில் போகிறவர்களைப் பற்றித் தொல்காப்பியத்தில் வகை இல்லை. அவர்களை ஆம்புலன்ஸ்காரர்கள்தான் வகைப்படுத்துகிறார்கள்.

விண்ணப்பம்

ஆய்வின் முடிவை ஒட்டி ஒரு வேண்டுகோள். நாம் விற்றுவிட்ட பழைய கார்கள் நம்மை மறக்கவில்லை. முன்பு சேர்ந்த போன்களின் பெயர்கள், பல கார்களில் தொலைபேசிப் பட்டியல், யாரை எப்போது அழைத்தோம் என்ற வரிசை, வழிகாட்டியில் வீடு என்று குறித்து வைத்த முகவரி எல்லாம் திரையின் நினைவில் அப்படியே தங்கியிருக்கலாம். சொந்தமாக ஓட்டுவதற்கு வாடகைக்கு எடுத்த காரின் பட்டியலைத் திறந்து பார்த்தால் தெரியும், முன்பின் தெரியாத எத்தனை பேரின் போன்கள் அங்கே வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன என்று. வாடகைக் காரைத் திருப்பி விடும்போது உங்கள் போனின் பெயரை அதிலிருந்து நீக்கிவிடுங்கள். சொந்தக் காரை விற்கிறவர்கள், ஆர்சி, இன்சூரன்ஸ், இரண்டாவது சாவி மூன்றையும் ஒப்படைப்பதற்கு முன்னால், செட்டிங்ஸின் கடைசியில் இருக்கும் ஃபேக்டரி ரீசெட்டை ஒருமுறை அழுத்திவிட்டு இறங்குங்கள்.